பிரேக் மிதித்தால் ஹாரன்

கீழ்பென்னாத்தூரில் என் தங்கை வாழ்க்கைப்பட்ட தெருவில் எனக்கு இன்றைக்கும் ஒரு பட்டப்பெயர் இருக்கிறது. ஹாரன் மச்சான். முறைப்படி பார்த்தால் அந்தத் தெருவில் ஒரே ஒருவருக்குத்தான் நான் மச்சான். ஆனால் டீக்கடைக்காரர், சலூன்காரர், உரக்கடைக்காரர் என்று எல்லாருமே என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நான் தெருவுக்குள் நுழைந்தால் யாராவது ஒருவர் வாயாலேயே ஹாரன் அடித்துக் காட்டுவார். இந்தப் பெயரை நான் சும்மா வாங்கிவிடவில்லை. ஒரு பழைய கான்டசா காரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, வயரெல்லாம் மாற்றி, புதுசாகப் பெயிண்ட் அடித்து, மாதக்கணக்கில் மெனக்கெட்டு வாங்கினேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு டிவி ரிப்பேர் கடை இருந்தது. கலர் டிவியைப் பிரித்து மறுபடியும் மாட்டுவேன். மாட்டிய பிறகு மிச்சமாகும் ஸ்க்ரூக்களை ஒரு டப்பாவில் போட்டு வைப்பேன். அந்த டப்பா நிறைய நிறைய என் தன்னம்பிக்கையும் வளர்ந்தது. கம்பிக்குள் கரண்ட் என்று ஒன்று ஓடினால் அது என் பேச்சைக் கேட்கும் என்பது என் எண்ணம். கார் ஓட்டத் தெரியும், சொந்தமாக வைத்திருந்ததில்லை. ஆங்கிலப் படங்களில் நீண்ட மூக்கோடு உறுமிக்கொண்டு வரும் அமெரிக்கக் கார்களைப் பார்த்துப் பார்த்து, கதாநாயகன் யார், வில்லன் யார் என்பதெல்லாம் மறந்துபோய், கார் மட்டும் மனதில் தங்கிவிட்டது. நம் பக்கத்தில் அப்படி மூக்கு நீண்ட ஒரே கார் கான்டசாதான்.

ஊருக்குள் லாட்ஜ் வைத்திருந்த ஒருவர் அதை ஓட்டிச் சலித்து, லாட்ஜின் பின்பக்கம் வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்தார். அவருடைய டிவியைச் சரிசெய்யப் போனபோதுதான் பார்த்தேன். அன்றைக்கு டிவி சரியாகவில்லை. எனக்குக் கார் கிடைத்துவிட்டது. இடத்தை அடைக்கிறது, எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று அவரே சொல்லிவிட்டார். அதில் ஒரு மனுஷனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை. பானட்டைத் தூக்கினேன். உள்ளே எலிக் குடும்பம் ஒன்று நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருந்தது. வயர் என்று சொல்லக்கூடிய எதையும் அவை விட்டுவைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குக் கீழ்பென்னாத்தூர். விவசாயக் குடும்பம், கொஞ்சம் நெல், கொஞ்சம் மணிலாக் கடலை, கடைத்தெருவில் ஒரு விதைக்கடை. ஆவணியில் கல்யாணம். முகூர்த்தம் முடிந்து பெண்ணை மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய் விட வண்டி வேண்டும்.

“டாக்ஸி சொல்லிடலாம்டா” என்றார் அப்பா.

“என் தங்கச்சி வாடகை வண்டியிலயா போவா?” என்றேன். வீட்டுக்குள்ளேயே அவ்வளவு சத்தமாக நான் பேசியிருக்கத் தேவையில்லை.

தங்கை உள்ளே தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் தெருவில் பாதிப்பேருக்கு ஜாக்கெட் தைத்துக்கொடுத்தவள் அவள்தான். மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்.

“வேன்லயே போலாம்ணா. எல்லாரும் ஒண்ணா உக்காந்துகினு போலாம்.”

“நீ சும்மா இரு. வந்து எறங்கும்போது அந்தத் தெருவே வாயப் பொளக்கணும்.”

மெஷின் நின்றது. “அங்க போய் இருக்கப்போறது நான்தாண்ணா. அந்தத் தெருவுல மொத நாளு என்னா பேரு வெக்கறாங்களோ அதான் கடைசி வரைக்கும். அங்க எதுத்த வீட்டு மருமவ வந்து எறங்குன அன்னிக்கு அவ செருப்பு அறுந்துடுச்சாம். அவளுக்குப் பேரப்புள்ளையே வந்தாச்சு, இன்னும் அவள அறுந்த செருப்புன்னுதான் சொல்றாங்களாம். எனக்கு ஒண்ணும் ஆவாம பாத்துக்கோ.”

பார்த்துக்கொள்கிறேன் என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னேன்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசைத் தாண்டி, புதுசாக வீடுகள் முளைத்துக்கொண்டிருந்த மனைகளுக்கு நடுவில், ஒரு பெயிண்டரின் ஷெட் இருந்தது. காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டுபோய் அங்கே போட்டேன். பெயிண்டருக்கு என் வயதுதான். கைவேலையைவிடக் கருத்து ஜாஸ்தி. காரைச் சுற்றி வந்து, துருப்பிடித்த இடத்தையெல்லாம் விரலால் குத்தி, “உடம்பு கெட்டி. மனசுதான் போயிருக்குது” என்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். துரு சுரண்டுவது, பட்டி பார்ப்பது, பெயிண்ட் அடிப்பது எல்லாம் அவர். வயரிங் முழுக்க நான். எலி தின்ற வயரை நடுவில் வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் நுனிகளை மட்டும் விட்டுவைத்தேன். பிறகு இந்த நுனிக்கும் அந்த நுனிக்கும் நடுவில் புது வயரைப் போட்டு இணைத்தால் வேலை முடிந்தது. ஆனால் எந்த நுனிக்கு எந்த நுனி ஜோடி? அதற்குத் தங்கைதான் வழி சொன்னாள். சாயங்காலம் தையலை முடித்துவிட்டு நூல்பெட்டியோடு ஷெட்டுக்கு வருவாள். நான் நுனியைக் காட்டிச் சொல்லச் சொல்ல, ஜோடி ஜோடியாக ஒரே கலரில் நூல் கட்டுவாள். ஹெட்லைட்டுக்கு மஞ்சள். வைப்பருக்கு நீலம். ஹாரனுக்குச் சிவப்பு. பின்னால் எரியும் பிரேக் விளக்குக்கு அரக்கு.

“சிவப்பும் அரக்கும் இருட்டுல ஒண்ணாத் தெரியும். ஹாரனுக்கு மட்டும் ரெட்டை முடிச்சு போட்டுடறேன்” என்றாள்.

“ம்” என்றேன். என் கவனமெல்லாம் அப்போது, காரின் டேஷ்போர்டில் டேப்ரெக்கார்டரை எங்கே வைப்பது என்பதில் இருந்தது.

இப்படியே நிதானமாகப் போயிருந்தால் எல்லாம் நன்றாகத்தான் முடிந்திருக்கும். ஆனி முடியப்போகிறது என்று அம்மாவுக்குத் திடீரென்று நினைவு வந்தது.

“ஆடில புதுசா எதுவும் ஆரம்பிக்கக் கூடாது. கல்யாண வண்டி. பெயிண்ட்ட ஆனிலயே ஆரம்பிச்சுடு. ஆரம்பிச்சு வெச்சுட்டா அப்புறம் ஆடில செய்யலாம்.”

எங்கள் ஊரில் வீடு கட்டுகிறவர்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான் இது. ஆனியில் சாஸ்திரத்துக்கு ஒரு செங்கல்லை வைத்துவிட்டு, ஆடியில் சுவரை எழுப்பிக்கொண்டிருப்பார்கள். நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தவன். ஆனால் தேங்காயும் கற்பூரமும் வாங்கிக்கொண்டு மறுநாளே ஷெட்டுக்கு ஓடினேன். நல்ல நேரம் முடியச் சொற்ப நேரமே இருந்தது. கார் கதவில்லாமல், சீட்டில்லாமல், எல்லா மூலையிலிருந்தும் நூல் கட்டிய வயர்கள் தொங்க நின்றது.

“வயரெல்லாம் அப்படியே தொங்குதே. மூட வேணாவா?” என்றார் பெயிண்டர்.

“நேரம் போயிடும். சாஸ்திரத்துக்கு ஒரு கோட்டு அடிங்க போதும்.”

சாஸ்திரத்துக்கு ஒரு கோட்டு என்றால் ஒரு ஓரத்தில் ஒரு இழுப்பு என்று நான் நினைத்தேன். அவர் வேறு மாதிரி நினைத்தார். கம்ப்ரஷரை ஓடவிட்ட பிறகு பாதியில் நிறுத்துவது அவருடைய தொழில் மரியாதைக்கு இழுக்கு. நான் சாமி படத்துக்கு முன்னால் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத் திறப்பதற்குள் உள்ளும் புறமும் சாம்பல் நிறப் பிரைமர் ஏறிவிட்டது. பிரேக் மிதிக்குப் பக்கத்தில், மிதித்தால் பின்விளக்கை எரியவிடும் குட்டி சுவிட்ச் ஒன்று இருக்கும். அதற்குள்ளும் இறங்கிவிட்டது. மஞ்சள் நூல், நீல நூல், சிவப்பு நூல், அரக்கு நூல் எல்லாம் ஒரே சாம்பல். ஷெட்டே விபூதி பூசிக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது.

சாயங்காலம் தங்கை வந்து பார்த்தாள். தொங்கிய ஒரு வயரை எடுத்து விரலால் தடவினாள்.

“பரவால்லண்ணா. தடவிப் பாத்தே கண்டுபுடிச்சிடலாம். ஹாரனுக்கு நான்…”

“எனக்குத் தெரியும். டிவில இருக்கற வயர்ல கால்வாசி கூட இல்ல இதுல. லாஜிக்கா பாத்தா தானா வந்துடும்.”

அவள் நூல்பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். என் லாஜிக் ஆடி மாதம் முழுக்க நடந்தது.

இதற்கிடையில் கலர் தகராறு. எனக்குக் கறுப்பு வேண்டும். மூக்கிலிருந்து டிக்கி வரைக்கும் நடுவில் இரண்டு வெள்ளைக் கோடு வேண்டும், அந்த ஆங்கிலப் படக் கார்களில் இருக்குமே, அதைப் போல. கல்யாண வண்டியைக் கறுப்பாக அடித்தால் தான் மண்டபத்துக்கே வரமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். குங்கும நிறத்துக்கு இறங்கி வந்தேன். கோட்டை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. வரைந்தே காட்டினேன். ஒரு நாள் கடையை முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் பானட்டின்மேல் மூன்று கோடு இருந்தது.

“ரெண்டு வெறிச்சுனு இருந்துச்சு. நம்ம ஊருக்கு மூணுதான் லட்சணம்” என்றார் பெயிண்டர், தூர நின்று அழகு பார்த்தபடி.

பெயிண்ட் என்னவோ கண்ணாடிதான். குனிந்தால் முகம் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். என் நெற்றிக்கு நேராக மூன்று கோடும் ஓடின. இதை ஓட்டிக்கொண்டு கிரிவலப் பாதையில் போனபோது ஏதோ மடத்து வண்டி என்று நினைத்து ஒரு அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். அமெரிக்கக் காரை நோக்கிக் கிளம்பியவன் கடைசியில் வந்து சேர்ந்த இடம் அதுதான்.

அந்த ஓட்டம் கல்யாணத்துக்கு முதல் நாள். அன்றுதான் பேட்டரியை மாட்டினேன். ஹெட்லைட் எரிந்தது, வைப்பர் ஆடியது, டேப்ரெக்கார்டர் பாடியது. என் கண்ணே கலங்கிவிட்டது. தெருமுனையில் பிரேக்கை மிதித்தேன். ஹாரன் அலறியது. கால் எடுத்தேன், நின்றது. மறுபடி மிதித்தேன், மறுபடி அலறல். சந்தேகப்பட்டு ஹாரனை அழுத்தினேன். சத்தமே இல்லை. பின்னால் வந்த சைக்கிள்காரர்தான் சொன்னார், “பின்னாடி செவப்பு லைட்டு எரியுது சார்” என்று.

ஜோடி மாறிவிட்டது. பிரித்து மாற்ற வேண்டும். அதற்குள் வாழைமரம் வரவில்லை என்று ஒருத்தர் வந்தார், சமையல்காரருக்குக் காஸ் சிலிண்டர் என்று இன்னொருத்தர் வந்தார். எனக்கும் பிரிக்க மனமில்லை. யோசித்துப் பார்த்தேன். நம் ஊரில் பிரேக் போடுகிற எவன் ஹாரன் அடிக்காமல் போடுகிறான்? இரண்டையும் தனித்தனியாகச் செய்வதற்குப் பதிலாக ஒரே மிதியில் முடிந்துவிடுகிறது. இது குறையே அல்ல, வசதி. இந்த முடிவுக்கு வந்ததும் மனம் லேசாகிவிட்டது.

வீட்டு வாசலில் நிறுத்தினேன், ஹாரனோடு. தங்கை கையில் மருதாணியோடு எட்டிப் பார்த்தாள்.

“ண்ணா, ஹாரனும் பிரேக்கும் மாறிப்போச்சா?”

“அது சேஃப்டிக்கு” என்றேன்.

மறுநாள் கல்யாணம் நன்றாக நடந்தது. சாப்பாடு முடிந்து, வெயில் கொஞ்சம் தாழ்ந்ததும் கிளம்பினோம். டிக்கி நிறையச் சீர்ப் பாத்திரங்கள். இடம் போதவில்லை என்று என் டூல்ஸ் பெட்டியை எடுத்து ஷெட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். பின் சீட்டில் தங்கையும் மாப்பிள்ளையும். அப்பா, அம்மா, சொந்தக்காரர்கள் எல்லாரும் பின்னால் வேனில்.

திண்டிவனம் ரோட்டில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஹாரன். ஒவ்வொரு ஆட்டுக்கும் ஹாரன். மாப்பிள்ளை பொறுமைசாலி. பாதி தூரம் வரைக்கும் மாலையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

“ஏன் மச்சான், இவ்ளோ ஹாரன்?”

“ட்ராஃபிக் ஜாஸ்தி மாப்ள.”

ரோட்டில் எங்களையும் ஒரு எருமையையும் தவிர யாருமில்லை. கண்ணாடியில் தங்கையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாப்பில் ஒரு பஸ் குறுக்கே திரும்பியது. பலமாக மிதித்தேன். ஹாரன் அலறியது. பஸ் போய்விட்டது, காலையும் எடுத்துவிட்டேன், ஹாரன் நிற்கவில்லை. வெயிலில் இளகிய பிரைமர் அந்தக் குட்டி சுவிட்சை உள்ளேயே ஒட்டிப் பிடித்துக்கொண்டது. மிதியைக் குத்தினேன், உதைத்தேன். சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினேன். இன்ஜின் நின்றது, ஹாரன் நிற்கவில்லை. அதற்குப் பேட்டரியிலிருந்து நேர் லைன் கொடுத்தவன் நான்தான். வேறு வழியில்லாமல் மறுபடி ஸ்டார்ட் செய்து, கடைத்தெரு முழுக்க அலறவிட்டுக்கொண்டே ஓட்டினேன். கடைக்காரர்கள் வெளியே வந்தார்கள். வங்கியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நெற்றியில் பட்டையோடு அலறிக்கொண்டு வரும் சிவப்புக் காரைப் பார்த்து மொத்தத் தெருவும் வாயைப் பிளந்தது. நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்தது.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் பெண்கள் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். அவர்கள் பாட்டுப் பாடுகிறார்கள் என்பது உதட்டை வைத்துத்தான் தெரிந்தது. பானட்டைத் திறந்தேன். பேட்டரி நட்டைக் கழற்ற ஸ்பேனர் இல்லை. கையால் திருகிப் பார்த்தேன். ஜென்மத்துக்கும் கழலக் கூடாது என்று நானே முறுக்கியது. சாம்பல் நிறத்தில் எங்கே பார்த்தாலும் நூல் கட்டிய வயர், அதில் எது ஹாரன் என்று தெரியவில்லை. ஒன்றைப் பிடுங்கினேன், வைப்பர் நின்றது. அது ஓடிக்கொண்டிருந்ததே எனக்குத் தெரியாது. சுற்றிலும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். என் தங்கைக்கு இந்தத் தெரு பெயர் வைத்துக்கொண்டிருக்கிறது, நானே அதை வைத்துக் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே அடுத்த வயரைத் தேடினேன்.

பின்கதவு திறந்தது. அவள் இறங்கிவிட்டாள்.

“ஆரத்தி சுத்தாம எறங்கக் கூடாதும்மா!” என்று மாமியார் கத்தியது ஹாரனையும் மீறிக் கேட்டது. அவள் நிற்கவில்லை. கல்யாணப் புடவையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு, என்னைத் தோளால் நகர்த்திவிட்டு, வளையல் கையைக் கிரில்லுக்குப் பின்னால் நுழைத்தாள். கண் வேறெங்கோ பார்த்தது. விரல் மட்டும் ஒவ்வொரு நூலாகத் தடவிக்கொண்டு போனது. ஒரு இடத்தில் நின்றது. இழுத்தாள்.

சத்தம் நின்றது. தெருவே திடீரென்று காது கேட்காமல் போன மாதிரி இருந்தது.

“ரெட்டை முடிச்சு” என்றாள் என்னிடம், மெதுவாக.

மாமியார் என்ன சொல்வாரோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கிரீஸ் ஒட்டிய அந்த மருதாணிக் கையைப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார்.

“ஏறி உக்காரும்மா. மறுபடியும் மொதல்லேருந்து எறங்கு” என்றார்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினார்கள். கதவைத் திறந்தார்கள். ஏற்கெனவே எதுவும் நடக்காத மாதிரி இரண்டு பேரும் இறங்க, ஆரத்தி சுற்றினார்கள். இந்தத் தடவை பாட்டு கேட்டது. ஆரத்திப் பொட்டை மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் வைத்துவிட்டு, மாமியார் பானட்டின் மூன்று கோட்டுக்கு நடுவிலும் ஒன்று வைத்தார். கூட்டத்தில் யாரோ, “இந்த ஹாரன் மச்சானுக்கும் ஒண்ணு வைங்க” என்றார்கள். வைத்தார்கள். பெயர் எனக்கு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. தெருவில் மோட்டார் பம்பு ஸ்டார்ட் ஆகாவிட்டால் அந்த மருமகளைக் கூப்பிடு என்று இன்றைக்கும் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

பாலும் பழமும் கொடுத்து, பேச்செல்லாம் முடிந்து, பொழுது சாயும் நேரத்தில் நாங்கள் கிளம்பினோம். அம்மா அழுதாள், வேன் புறப்பட்டது. நான் காரில் உட்கார்ந்ததும் தங்கை ஜன்னல் பக்கம் வந்தாள்.

“மன்னிச்சுக்கோ பாப்பா. உன் மானத்த வாங்கிட்டேன்” என்றேன்.

“அதெல்லாம் இல்லண்ணா.” ஜன்னல் விளிம்பில் இருந்த பெயிண்ட்டை விரலால் தடவினாள். “அது நின்னப்புறம்தான் எனக்கு பயமே வந்துச்சு. கத்திக்கினு இருந்த வரைக்கும் நம்ம வீட்டுலயே இருக்கற மாதிரி இருந்துச்சு.”

“மறுபடியும் மாட்டி வுடட்டுமா?” என்றேன். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. உள்ளே யாரோ கூப்பிட, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

தனியாக ஓட்டிக்கொண்டு வந்தேன். எதிரே மலை கறுத்துக்கொண்டு வந்தது. வேகத்தடைகள் வந்தன, ஆடுகள் வந்தன. ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் காது தானாகத் தயாரானது. ஊருக்குள் நுழையும் இடத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். பிரேக்கை மிதித்தேன். கார் சத்தமில்லாமல் நின்றது. முன்னால் நின்ற டிராக்டர்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை மிதித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. கேட் திறந்ததுகூடத் தெரியாமல், பின்னால் நின்ற பஸ்காரர் ஹாரன் அடிக்கிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.